காவலுக்கு நிற்கிறவர்களைப் பார்த்துக்கொள்வது

"அங்க என்ன சார் வேலை? சும்மா நிக்கிறதுதானே?"

ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததிலிருந்து டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ரோட்டில் போகிறவர் கண்ணுக்கு உயரமான மதில், முள்கம்பிச் சுருள், வாட்ச் டவர், அதில் துப்பாக்கியோடு ஒரு ஆள், அவ்வளவுதான் தெரியும். அந்த ஆள் எத்தனை மணி நேரமாக நிற்கிறார், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார், நேற்று வீட்டிலிருந்து என்ன போன் வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் என் வேலையாக இருந்தது. மத்தியப் படை ஒன்றில் சேர்ந்து, ஷிஃப்ட் இன்சார்ஜாகப் பல வருடங்கள் இருந்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். படையின் பெயரும் வளாகத்தின் பெயரும் ஊரும் இந்தப் பதிவில் வராது. வெளியே சொல்லக்கூடாத இடங்கள் அவை. ஆனால் வேலையைப் பற்றிப் பேசலாம்.

எதுவும் நடக்காத இடத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பது மனித மூளைக்கு இயல்பான காரியம் இல்லை. இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் திரையைப் பார்த்து நீர்மூழ்கிக் கப்பல் தேடிய ஆட்கள், நேரம் ஆக ஆகக் கண்முன் தெரிவதையே தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு நார்மன் மெக்வொர்த் என்ற உளவியலாளரிடம் வந்தது. எண்களே இல்லாத ஒரு கடிகாரம், அதில் ஒரே முள். முள் ஒவ்வொரு அடியாக நகரும், எப்போதாவது ஒரு தடவை இரண்டு அடி தாவும். தாவும்போது பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் சோதனை. முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் கோட்டைவிடத் தொடங்கினார்கள். 1948-இல் அவர் அதை வெளியிட்டார். படைப் பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கே அரை மணி நேரம்தான் என்றால், எட்டு மணி நேர ஷிஃப்டில் நிற்கும் என் ஜவானிடம் நான் எதை எதிர்பார்க்க முடியும்?

எங்கள் 'சி' ஷிஃப்ட் இரவு 9 மணிக்குத் தொடங்கி அதிகாலை 5 மணிக்கு முடியும். அதில் பொல்லாத நேரம் இரண்டரைக்கு மேல் நாலரை வரை. அந்த நேரத்தில் நைட் செக்கிங் போகும் அதிகாரிகளில் ஒரு வகை உண்டு. ஜீப்பைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, டார்ச்சை அணைத்துவிட்டு, பூனை மாதிரி நடந்து போய்த் தூங்குகிறவனை அமுக்குவார்கள். மறுநாள் காலை ரோல்காலில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இந்தப் பழக்கம் அடியோடு பிடிக்காது. எதிரில் இருப்பவன் கையில் ரவை போட்ட துப்பாக்கி இருக்கிறது. இருட்டில் சத்தமில்லாமல் நெருங்கும் உருவத்தை அவன் எதிரி என்று நினைத்தால், அவன் தன் கடமையைத்தான் செய்கிறான்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அதிகாரி ஒளிந்து வருகிறார் என்று தெரிந்துவிட்டால், ஜவான்களின் கவனம் முழுக்க அதிகாரி வரும் பாதையில் போய் நின்றுவிடும். முதல் போஸ்ட்டில் இருப்பவன் அடுத்த போஸ்ட்டுக்கு மிஸ்டு கால் கொடுப்பான், அவன் அதற்கடுத்தவனுக்கு. எல்லோரும் விழித்துத்தான் இருப்பார்கள். ஆனால் முகம் உள்ளே ரோட்டைப் பார்த்திருக்கும், முதுகு மதிலைப் பார்த்திருக்கும். வெளியிலிருந்து வருகிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

நான் விளக்கைப் போட்டுக்கொண்டேதான் போவேன். தூரத்திலேயே "தம்! கோன் ஆதா ஹை?" (நில்! யார் வருவது?) என்று சென்ட்ரியின் குரல் வரும். அந்தக் குரலிலேயே பாதி தெரிந்துவிடும். இப்போதுதான் கண்ணைத் திறந்தவன் குரல் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, கரகரத்து, கொஞ்சம் தாமதமாக வரும். விழித்திருந்தவன் குரல் ஒரே வெட்டில் வரும். பக்கத்தில் போனதும் "தூங்குனியா?" என்று கேட்க மாட்டேன். கேட்டால் "நஹீ சாப்" என்ற பதில் ஏற்கெனவே தயாராக இருக்கும். "கடைசியா அந்தப் பக்கம் எந்த வண்டி போச்சு? எவ்வளவு நேரம் ஆச்சு?" என்பேன். "அந்த மூணாவது லைட் எப்ப அணைஞ்சது?" என்பேன். பதில் சொல்ல முடிந்தவன் உண்மையில் காவல் காத்திருக்கிறான். பதில் தெரியாதவன் வெறுமனே நின்றிருக்கிறான். அவனோடு ஒரு பத்து நிமிடம் சேர்ந்து நிற்பேன். இருவரும் ஒரே இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம். "அங்க என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்டுக் கேட்டுப் பார்க்க வைப்பேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்காவது அவன் கண் வேலை செய்யும்.

இனி அலாரம். வேலியில் அதிர்வு சென்சார் பொருத்தியிருக்கும் எந்த வளாகத்திலும் இது தீராத தலைவலி. எங்களுக்கு மயில். வேலியின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மயில்கள் வந்து உட்காரும், கருவேல மரக்கிளை காற்றில் வந்து உரசும், கண்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்கும். ஒரு நாள் ராத்திரி நான் உள்ளே நுழைந்தபோது கான்ஸ்டபிள் ஒரு கையில் டீ கிளாஸைப் பிடித்திருந்தார். மணி அடித்தது. அவர் கண் ரெஜிஸ்டரை விட்டு நகரவில்லை, மறு கையின் விரல் மட்டும் தானாகப் போய் அலாரம் நிறுத்தும் பட்டனை அழுத்தியது. நல்ல ஆள், பொறுப்பான ஆள், வேலையில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. அந்த விரல்தான் என்னைப் பயமுறுத்தியது.

அவருக்கு மெமோ கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் அடுத்த நாளிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து அதே பட்டனை அழுத்தியிருப்பார். அதனால் பராமரிப்புப் பிரிவு இன்ஜினியரை அழைத்து வந்து, ஒவ்வொரு அலாரத்துக்கும் நேரம், ஜோன், காரணம் என்று தனி ரெஜிஸ்டர் போட்டோம். பெரும்பகுதி ஒரே ஒரு இடத்திலிருந்துதான் வருகிறது என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. கிளைகளை வெட்டினார்கள், தளர்ந்திருந்த கம்பியை இழுத்துக் கட்டினார்கள், மயில் வந்து மேய்ந்த குப்பைக் குழியை வேறு பக்கம் மாற்றினார்கள். மணி அடிப்பது குறைந்தது. மணி அடித்தால் தலை நிமிர்ந்தது. எத்தனை பேருக்குத் தண்டனை கொடுத்தாலும் இந்தப் பலன் கிடைத்திருக்காது.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் இருக்கும் ஒய்-12 வளாகம். ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியம் செறிவூட்டப்பட்ட இடம் அது. இன்றும் அமெரிக்காவின் செறிவூட்டிய யுரேனியத்தை அங்கே சேமித்து வைத்திருக்கிறார்கள். 2012 ஜூலை 28 விடிவதற்கு முன் மூன்று பேர் மலைச்சரிவுக் காட்டு வழியாக நடந்து வந்து, கம்பி வெட்டும் கருவியால் வேலிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவர் மேகன் ரைஸ் என்ற கன்னியாஸ்திரீ. அப்போது அவருக்கு வயது 82. மற்ற இருவருக்கு 63, 57. அணு ஆயுத எதிர்ப்பாளர்கள். யுரேனியம் இருக்கும் கட்டடத்தின் சுவர்வரை போய், அதில் வாசகங்கள் எழுதி, ரத்தம் ஊற்றி, சுத்தியலால் சுவரைத் தட்டினார்கள்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அதே ஆகஸ்ட்டில் வெளியிட்ட அறிக்கை, என்னைப் போன்றவர்களுக்குத் தூக்கம் கெடுக்கும் படிப்பு. அலாரம் அடித்திருக்கிறது. ஆனால் அங்கே பொய் அலாரம் அன்றாட விஷயம். அந்தப் பகுதியைக் காட்ட வேண்டிய கேமரா மாதக்கணக்காக வேலை செய்யவில்லை. சுத்தியல் சத்தம் உள்ளே இருந்த காவலரின் காதில் விழுந்திருக்கிறது, பராமரிப்பு ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கேமராவைப் பழுது பார்க்கும் பொறுப்பு ஒரு ஒப்பந்த நிறுவனத்திடம், காவலர்கள் இன்னொரு நிறுவனத்திடம். கெட்டுப்போன கருவியைச் சரிசெய்வதற்குப் பதிலாக "அங்கே ரோந்து போகட்டும்" என்று ஆளை வைத்துச் சமாளிப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. நம் ஊர் ஆபீஸ்களில் இதைப் பார்க்காதவர்கள் யார்? கேமரா போச்சா, ஒரு ஆளை நிறுத்து. லைட் எரியலையா, ஒரு ஆளை நிறுத்து. அந்த ஆள் எங்கிருந்து வருகிறார்? வார ஓய்வில் இருக்க வேண்டியவர் வருகிறார்.

முதலில் அந்த இடத்துக்குப் போன காவலர், உள்ளே நுழைந்தவர்கள் தாமாகவே அவரை நோக்கி வரும்வரை அவர்களைக் கவனிக்கவில்லை. அவர்களைக் கட்டுக்குள் கொண்டுவரவும் இல்லை. அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் செய்தது சரி என்று நான் வாதாட மாட்டேன். வயதானவர்கள், சிரித்த முகம், கையில் மெழுகுவத்தி என்பதற்காக நடைமுறையைத் தளர்த்த முடியாது. ஆனால் அந்த இரவின் முறிவுகளை வரிசையாகப் பாருங்கள். கேமரா, பொய் அலாரம், சத்தம் கேட்டும் விசாரிக்காத பழக்கம் என எல்லாமே அவர் வண்டியில் ஏறுவதற்குப் பல மாதங்கள் முன்பே மேலே இருந்தவர்களின் மேஜையில் கிடந்தவை. அதன்பின் அதே வளாகத்தில் சோதனை நடந்தபோது, காவலர்களின் அறிவைச் சோதிக்க வைத்திருந்த தேர்வின் கேள்வியும் பதிலும் ரோந்து வண்டி ஒன்றில் கிடந்தது தெரியவந்தது. காவல் நிறுவனத்தின் ஒப்பந்தம் பிறகு முடிவுக்கு வந்தது. மேகன் ரைஸ் சிறைக்குப் போனார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாசவேலைக் குற்றச்சாட்டை ரத்து செய்தபின் விடுதலையாகி, 2021-இல் காலமானார்.

ஸ்கிரீன் பார்ப்பவர்களின் கவனம் தளராமல் பார்த்துக்கொள்வதில் விமான நிலையங்கள் எங்களைவிட முன்னே போய்விட்டன. எக்ஸ்ரே படத்தை ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் பார்க்கக் கூடாது, பிறகு 10 நிமிடமாவது வேறு வேலை செய்ய வேண்டும் என்பது ஐரோப்பாவில் விதி. பெட்டிகளுக்கு நடுவே துப்பாக்கி, குண்டு போன்ற பொய்ப் படங்களைக் கணினியே செருகி, பார்ப்பவர் பிடிக்கிறாரா என்று கணக்கெடுக்கும் முறையும் உண்டு. எதுவும் வராத இடத்தில் அவ்வப்போது ஏதாவது வந்தால்தான் கண் விழித்திருக்கும். நாங்களும் எங்கள் அளவில் செய்தோம். வண்டி சோதனையில் டிக்கிக்குள் ஒரு டம்மிப் பொட்டலம், காலாவதியான பாஸ் ஒன்று, போட்டோ மாறிய அடையாள அட்டை ஒன்று. பிடித்தவருக்கு ரோல்காலில் எல்லோர் முன்னாலும் பாராட்டு. விட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கே கண் தவறியது என்று பேசுவேன். துப்பாக்கி இருக்கும் போஸ்ட்டில் மட்டும் இந்த விளையாட்டு கிடையவே கிடையாது.

கேட்டில் நிற்பவருக்கு வேறொரு கஷ்டம். உள்ளே வேலை செய்பவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள், சீனியர்கள். தினமும் பையைத் திறக்கச் சொன்னால், காரின் டிக்கியைத் திறக்கச் சொன்னால் எரிச்சல் வராதா? வரும். அந்த எரிச்சல் கான்ஸ்டபிள் மேல் விழுந்தால், அடுத்த தடவை அவர் பெரிய காரைப் பார்த்ததும் சல்யூட் அடித்து கேட்டைத் திறந்துவிடுவார். அங்கே சூப்பர்வைசர் குறுக்கே நின்று திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் கேட்டில் ஒரு முறை மிக மூத்த அதிகாரி ஒருவரின் காரை நிறுத்தி டிக்கியைப் பார்த்த பெண் கான்ஸ்டபிள் மேல் புகார் வந்தது. பொது நாட்குறிப்பான ஜி.டி.யில் அந்தக் கான்ஸ்டபிள் பெயருக்கு நேரே "விதிப்படி சோதனை செய்தார்" என்று என் கையெழுத்தில் எழுதிவைத்தேன். அந்த ஒரு வரி அந்த கேட்டில் நின்ற எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

2001 டிசம்பர் 13-ஆம் தேதி நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்தது ஒரு வெள்ளை அம்பாசடர். உள்துறை அமைச்சகத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தும் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து ஓடியவர் சி.ஆர்.பி.எஃப். கான்ஸ்டபிள் கமலேஷ் குமாரி. கையில் ஆயுதம் இல்லை, வாக்கி டாக்கி மட்டும்தான். கத்தி மற்றவர்களை எச்சரித்தார், சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அசோக சக்ரா விருது வழங்கப்பட்டது. புதிதாக வருபவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் நான் அவர் பெயரைச் சொல்லாமல் விட்டதில்லை. கார் எவ்வளவு பெரியது, ஸ்டிக்கர் என்ன சொல்கிறது என்பதில் நிற்காமல் காருக்குள் இருப்பவரைப் பார்க்கும் கண் அது. பெரிய கார்களை நிறுத்தியதற்காகத் திட்டு வாங்கவிட்ட கேட்டில் அப்படிப்பட்ட கண் வளராது.

இதுவரை வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பற்றிச் சொன்னேன். ஆபத்து உள்ளிருந்தும் வரலாம். 2014 அக்டோபர் 8-ஆம் தேதி அதிகாலையில் கல்பாக்கத்தில் நடந்தது நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர் ஒருவர் படைக் குடியிருப்பில் துப்பாக்கியால் சுட்டதில் சக வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். அந்த வழக்கின் உள்விவரங்களைப் பேச எனக்கு உரிமை இல்லை. அந்தச் செய்தி வந்த வாரம், ஆயுதக் கிடங்கு வாசலில் நான் நிற்கும் விதம் மாறியது என்பதை மட்டும் சொல்வேன்.

ஆயுதக் கிடங்குக்கு எங்கள் மொழியில் 'கோத்' என்று பெயர். ஷிஃப்டுக்கு முன் ஒவ்வொருவராக வந்து துப்பாக்கியையும் ரவையையும் எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போடும் ஜன்னல். பெரும்பாலான இன்சார்ஜ்கள் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். தினமும் ரவையை உரக்க எண்ணி, கிடங்குக்காரரோடு வம்பளந்துவிட்டுப் போகும் பீகார் பையன் ஒருவன். ஒரு நாள் ஒன்றும் பேசாமல், எண்ணாமல் கையெழுத்துப் போட்டான். "இன்னைக்கு நீ கேட் ரெஜிஸ்டர் பார்த்துக்க, எழுதுறவர் லீவு" என்று சொல்லித் துப்பாக்கியைத் திரும்ப வைக்கச் சொன்னேன். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியக் கூடாது, அவனுக்கும் அவமானமாக இருக்கக் கூடாது. ஷிஃப்ட் முடிந்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசியபோது, ஊரில் நிலத் தகராறில் அவன் அப்பாவை அடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. லீவு விண்ணப்பம் எழுதியிருக்கிறான், அது எங்கோ மேஜையில் கிடக்கிறது. அன்றே கையோடு எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி, ரயில் ஏற்றிவிட்டேன். மொழி தெரியாத ஊரில், குடும்பத்தைப் பிரிந்து, கையில் ஆயுதத்தோடு ராத்திரி தனியாக நிற்பவனுக்கு லீவு என்பது சலுகை கிடையாது. பாதுகாப்பு ஏற்பாட்டில் அதுவும் ஒரு பாகம்.

கீழே இருப்பவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும் அதில் சேர்ந்ததுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பீச் பாட்டம் அணுமின் நிலையத்தில், அவசரத்துக்குத் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டிய அறையில் காவலர்கள் கூட்டமாகத் தூங்கினார்கள். அவர்களோடு வேலை செய்த ஒரு காவலர் சூப்பர்வைசர்களிடம் சொல்லிப் பார்த்தார், பலன் இல்லை. கடைசியில் வீடியோ எடுத்தார். 2007 செப்டம்பரில் தொலைக்காட்சியில் அது வந்த பிறகுதான் எல்லோரும் அசைந்தார்கள். காவல் நிறுவனத்தின் ஒப்பந்தம் போனது, மின் நிலைய நிறுவனமே காவலை ஏற்றது. அங்கே ஓடியது 12 மணி நேர ஷிஃப்ட். தூங்கியவர்களைவிட, முதல் தடவை வந்து சொன்னபோது கேட்காத சூப்பர்வைசர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஒருவன் தைரியமாக வந்து சொன்னதைத் தட்டிக்கழித்தால், அந்தப் போஸ்ட்டிலிருந்து அதன் பிறகு எந்தத் தகவலும் வராது.

நம் ஊரில் அரசு அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இன்று பெரும்பாலும் தனியார் ஏஜென்சி காவலர்கள்தான். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில், ஒரு காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும், 15 காவலர்களுக்கு மேல் ஒரே சூப்பர்வைசரிடம் விடக் கூடாது என்று இருக்கிறது. நல்ல விதிகள். அந்தப் 15 பேரில் ஒருவர் பெண்ணாக இருந்து, பெண்களை உடல் சோதனை செய்யும் ஃப்ரிஸ்கிங் கூண்டில் தனியாக நின்றால், பாத்ரூம் போக யார் மாற்றிவிடுவது என்பதை எந்த விதியும் எழுதித் தராது. சூப்பர்வைசர்தான் எழுத வேண்டும். எங்கள் பெண் கான்ஸ்டபிள்கள் பலர் டியூட்டி நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை என்பதைப் பேச்சுவாக்கில் ஒருவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அடுத்த டியூட்டி சார்ட்டில் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு ரிலீவரை, எந்த பாயிண்ட்டும் கொடுக்காமல், மாற்றிவிடுவதற்காக மட்டும் போட்டேன். "பாயிண்ட் இல்லாத ஆளை எப்படிக் காட்டுவீர்கள்? ஸ்ட்ரெங்த் ஏற்கெனவே குறைவு" என்று மேலிருந்து குறிப்பு வந்தது. கூண்டு பூட்டிக் கிடந்த நிமிடங்களையும், அப்போது சோதனை இல்லாமல் உள்ளே போன பெண்களின் எண்ணிக்கையையும் கேட் ரெஜிஸ்டரிலிருந்து எடுத்து ஃபைலில் இணைத்து அனுப்பினேன். ரிலீவர் சார்ட்டில் நிலைத்தார்.